‘ஆகட்டும் அண்ணாச்சி’ என்றால் ஒப்பந்தம் ஆகுமா? செய்தியில் வியாபாரம் முடிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப்பிலும் எஸ்எம்எஸ்ஸிலும் பேசி முடித்த வியாபாரம் சட்டப்படி ஒப்பந்தமாகுமா? ஆகும். சரக்கு விற்பனைக்கு எழுத்து வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாய்ச்சொல்லையும் ஏற்கிறது. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

பாளையங்கோட்டையில் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவதும், பாக்கித் தகராறு வந்தால் ஆவணங்களைத் திரட்டி வழக்கறிஞரின் மேசைக்குக் கொண்டுபோவதும் என் வேலை. என்னிடம் நீட்டப்படும் போன்களில் பேச்சு நிறைய இருக்கிறது. பேரம் எந்த இடத்தில் முடிந்தது என்று விரல் வைத்துக் காட்டத்தான் முடிவதில்லை. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் களக்காட்டு ஏத்தன் (நேந்திரன்) வாழை கேரளத்துக்கு ஏறும்போதும், பிசான அறுவடை முடிந்து நெல் கைமாறும்போதும் இந்தத் தொல்லை கூடுகிறது. இரண்டு நாளில் விலை மாறும். மாறியதும் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்பார் ஒருவர்.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். லாரி புறப்பட்ட பிறகு நான்காம் படிக்குத் திரும்ப முடியாது.

1. செய்தி போதாத வியாபாரங்களை முதலில் ஒதுக்குங்கள்

நிலம், வீடு, கடைக் கட்டிடம் ஆகியவற்றின் விற்பனையைச் செய்தியில் முடிக்க முடியாது. அதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். தமிழ்நாட்டில் 2012இல் வந்த திருத்தத்தின்படி விற்பனை உடன்படிக்கையையும் பதிவு செய்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு தேவை. உயிலும், பொதுவாகப் பவர் பத்திரமும் மின்னணு வடிவில் செல்லாது.

நம் பக்கத்தில் குழப்பம் வருவது தோப்புகளில்தான். பயிரும், மரத்தில் நிற்கும் காயும், மரத்திலுள்ள சாறும் அசையும் பொருள் என்றே 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஆகவே தென்னந்தோப்பின் ஒரு வெட்டுக் காயைச் செய்தியிலேயே விலை பேசி முடிக்கலாம். தோப்பையே மூன்று ஆண்டுக்கு எடுத்து, வேலியடைத்து, காவல் வைத்து அனுபவிப்பது நிலத்தின் மீதான உரிமை. அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ‘குத்தகை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் பலர் தடுமாறுகிறார்கள்.

2. எதிரில் இருப்பவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள்

போனில் ‘கொல்லம் அண்ணாச்சி’ என்று பதிந்து வைத்திருப்பீர்கள். நீதிமன்றத்தில் யார் மீது வழக்குப் போடுவது? கடை யார் பெயரில் இருக்கிறது? தனி உரிமையா, கூட்டா, கம்பெனியா?

முதல் வியாபாரத்துக்கு முன்பே கடையின் முழுப் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், விலை முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவரின் பெயர் ஆகியவற்றைச் செய்தியில் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவுப் பெயர் தெரிந்துவிடும். அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ‘அது கணக்கப்பிள்ளை அனுப்பியது, அவருக்கு விலை பேச உரிமை இல்லை’ என்ற வாதம் பின்னால் வரும்.

கடை எண்ணை வீட்டுப் பிள்ளைகள் கையாளும் வழக்கம் இங்கே அதிகம். 18 வயது நிறையாதவர் தன் பெயரில் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவின் சார்பில்தான் பையன் பதில் போட்டான் என்றால் நிலைமை வேறு. ஆனால் அதை நிறுவும் சுமை உங்கள் தலையில் விழும். பெரியவரிடமிருந்தே ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். நீங்கள் கூட்டாக நடத்தும் நிறுவனம் பதிவு செய்யப்படாதது என்றால், 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஒப்பந்த உரிமையைக் கேட்டு வெளியார் மீது அந்த நிறுவனம் வழக்குத் தொடர முடியாது. செய்திகள் எல்லாம் அழகாக இருந்தும் இந்த ஒரு குறையால் வாசலிலேயே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. போனைத் தயார் செய்யுங்கள்

தானாக மறையும் செய்தி வசதி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்ற அளவுகளில் இருக்கிறது. அந்த உரையாடலில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பு அதை இயக்கினால் உரையாடலுக்குள்ளேயே அறிவிப்பு வரும். உடனே அணைத்துவிட்டு, அணைக்கச் சொல்லியும் எழுதுங்கள். காப்புப் பிரதி எடுக்கும் வசதியை இயக்கி வையுங்கள். பேரத்தைக் குழுவில் பேசாமல் தனி உரையாடலில் பேசுங்கள். வியாபாரிகள் குழுவில் ‘இன்று எலுமிச்சை கிலோ இவ்வளவு’ என்று போடுவது விலை நிலவர அறிவிப்புதான். அதற்கு ஒருவர் ‘எனக்கு 2 டன்’ என்று பதில் எழுதியதும் ஒப்பந்தம் பிறந்துவிடாது.

4. முன்மொழிவை ஒரே செய்தியில் எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறும் படி இது. விலை காலையில் ஒரு செய்தியில், அளவு மதியம் இன்னொன்றில், தேதி மறுநாள் குரல் பதிவில் என்று சிதறிக் கிடக்கும். இடையில் காலை வணக்கப் படங்கள். இவற்றைக் கோத்து ஓர் ஒப்பந்தம் ஆக்கலாம்தான். கோக்கும்போது எதிர்த்தரப்பு வேறு மாலை கோத்துக் காட்டும்.

இருவரையும் அறியாத ஒருவர் படித்தாலும் சரக்கு என்ன, கடமை யாருடையது என்று புரிய வேண்டும். இப்படி எழுதலாம், எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை:

“களக்காடு தோட்டத்து ஏத்தன் வாழைக்காய். தார் ஒன்று 10 கிலோவுக்குக் குறையாமல். மொத்தம் 6,000 கிலோ. தண்டுக்கு 100 கிலோவுக்கு 8 கிலோ கழித்து, நிகர எடைக்குக் கிலோ 42 ரூபாய். ஆகஸ்ட் 18 காலை 6 மணிக்குத் தோட்டத்தில் ஏற்றித் தருவோம். எடை களக்காட்டு எடைமேடையில். ஏற்றுகூலி எங்களுடையது, லாரி வாடகையும் இறக்குகூலியும் உங்களுடையவை. முன்பணம் 50,000 ரூபாய் ஆகஸ்ட் 16க்குள். மீதி சரக்கு இறங்கிய 7 நாளில். தகராறு வந்தால் திருநெல்வேலி நீதிமன்றம். இந்த விலை இன்று மாலை 6 மணி வரை.”

ஒவ்வொரு வரிக்கும் ஒரு பழைய சண்டை காரணமாக இருக்கிறது.

முதலில் அளவு. பொருள் உறுதியாகத் தெரியாத, உறுதிப்படுத்தவும் வழியில்லாத உடன்பாடு செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ‘200 தார்’ என்றால் சிறுதாரா, பெருந்தாரா? ‘50 மூட்டை நெல்’ என்றால் மூட்டைக்கு எத்தனை கிலோ? தாமிரபரணிக் கரையில் பெரியவர்கள் இன்றும் கோட்டைக் கணக்குச் சொல்வார்கள். ஒரே ஊருக்குள் எல்லாருக்கும் புரியும் அளவு அது. வெளியூர்க்காரரோடு பேசும்போது கிலோவாக்கிவிடுங்கள். நெல் என்றால் ரகத்தையும் எழுதுங்கள். அம்பை 16 என்று எழுதினால் பின்னால் வேறு நெல்லைக் காட்ட முடியாது. ஈரப்பதம் எத்தனை சதவீதம் வரை ஏற்பு என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

அடுத்தது எடை போடும் இடம். வாழைத்தார் வழியிலேயே எடை இழக்கும். தோட்டத்தில் போட்ட எடையும் கேரளச் சந்தையில் போட்ட எடையும் ஒன்றாக இராது. இந்தக் குறைவு யாருடையது என்று எழுதாவிட்டால் விற்றவர் ஒரு சீட்டை நீட்டுவார், வாங்கியவர் இன்னொரு சீட்டை நீட்டுவார். தண்டுக் கழிவும் அப்படியே. ‘வழக்கப்படி’ என்று எழுதாதீர்கள். யாருடைய வழக்கம் என்று கேள்வி வரும்.

விலையை விட்டுவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். சரக்கு கைமாறிவிட்டால் நியாயமான விலையை வாங்கியவர் தர வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது. ஆனால் எது நியாயம் என்பதை நீதிபதி முடிவு செய்வார். அதற்குள் அடுத்த ஓணம் வந்துவிடும்.

நீதிமன்றத்தைக் குறிக்கும் வரியை வெளி மாநில வியாபாரத்தில் விடவே கூடாது. வழக்கின் காரணத்தில் ஒரு பகுதியாவது இங்கே நிகழ்ந்திருந்தால் அந்த வரி நிற்கும். சம்பந்தமே இல்லாத ஊரை எழுதினால் நிற்காது. முன்மொழிவு உங்களிடமிருந்து போவதற்கும் இதில் பயன் உண்டு. தொலைபேசியில் பேசி முடித்த ஒரு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏற்பு எந்த ஊரில் காதில் விழுந்ததோ அந்த ஊரில்தான் ஒப்பந்தம் உருவானது என்று 1965இல் தீர்ப்பு வந்தது. ஏற்றுப் பேசியவர் காம்காவ்ன், முன்மொழிந்துவிட்டு அதைக் கேட்டவர் அகமதாபாத். வழக்கு அகமதாபாத்தில் நடக்கலாம் என்றாயிற்று.

கடைசி வரியில் கெடு வேண்டும். கெடு இல்லாத முன்மொழிவுக்கு, விலை ஏறிய பிறகு மூன்றாம் நாள் ‘சரி’ வரும். கெடு வைத்திருந்தாலும் ஏற்பு வரும்வரை நீங்கள் திரும்பப் பெறலாம். திரும்பப் பெறும் செய்தி அவரை முன்னதாகவே அடைந்திருக்க வேண்டும்.

5. ஏற்பை முழுமையாக வாங்குங்கள்

ஏற்பு நிபந்தனையற்றதாக, முழுமையானதாக இருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. ‘சரி, ஆனால் 40 ரூபாய் என்றால் எடுக்கிறேன்’ என்பது ஏற்பு அல்ல, எதிர் முன்மொழிவு. அந்த நொடியில் உங்கள் 42 ரூபாய் முன்மொழிவு விழுந்துவிட்டது. நீங்கள் பதில் சொல்லாமல் சரக்கை ஏற்றினால் 40 ரூபாய்க்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே படிக்கப்படும். புதியவர் ஒருவர் இப்படித்தான் ஒரு லோடு முழுவதற்கும் விலை வித்தியாசத்தை இழந்தார். ‘ஆனால்’ என்ற சொல்லைக் கவனித்தார். விலையை லாரி போன பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நம் ஊர்ப் பேச்சில் ‘ஆகட்டும்’, ‘பார்ப்போம்’, ‘செய்துவிடுவோம்’ என்பவை மரியாதைச் சொற்கள். பெரியவர் சொன்னதை முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்பதற்காகவே பாதி நேரம் சொல்லப்படுகின்றன. ‘சரி அண்ணாச்சி’ என்பதும் ‘செய்தி கிடைத்தது’ என்ற பொருளில் வரலாம். ஆகவே விலையும் அளவும் திரும்பச் சொல்லப்பட்ட ஏற்பைக் கேளுங்கள்: “6,000 கிலோ, கிலோ 42 ரூபாய், ஆகஸ்ட் 18. ஒப்புக்கொள்கிறேன்.” இதைக் கேட்பது அவமரியாதை என்று பலர் கூச்சப்படுகிறார்கள். ‘கணக்குக்கு வேண்டும் அண்ணாச்சி, ஒரு வரி போட்டுவிடுங்கள்’ என்று கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கட்டைவிரல் குறி மட்டும் வந்தால்? கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 87 டன் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி ‘உறுதி செய்யுங்கள்’ என்று கேட்டார் வாங்குபவர். விவசாயி கட்டைவிரல் குறி போட்டார். பின்னர் சரக்குத் தரவில்லை. அது ஏற்புதான் என்று 2023இல் தீர்ப்பாயிற்று; 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு. 2024இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதில் எடைபோடப்பட்ட ஒன்று இங்கும் பொருந்தும்: இருவரும் முன்பும் ‘ஓகே’ போன்ற ஒற்றைச் சொல்லால் பேரம் முடித்துச் சரக்கைக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். உங்களுக்குள்ளும் அப்படி ஒரு பழக்கம் இருந்தால் அந்தப் பழைய உரையாடல்களை அழிக்காதீர்கள். ஏற்பதாக எண்ணம் இல்லாவிட்டால் அந்தக் குறியை நீங்களும் போடாதீர்கள்.

நீல நிற இரட்டைக் குறி, படித்தார் என்பதற்குத்தான் சான்று. மௌனம் ஏற்பு ஆகாது. ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்வேன்’ என்று நீங்கள் எழுதினாலும் ஆகாது.

‘முத்திரைத்தாளில் எழுதவில்லையே’ என்ற வாதத்துக்குப் பதில் இருக்கிறது. டிரைமெக்ஸ், வேதாந்தா அலுமினியம் இடையிலான வழக்கில், 5 கப்பல் பாக்சைட்டுக்கான பேரம் மின்னஞ்சல்களிலேயே முடிந்துவிட்டது, முறையான ஆவணம் பின்னர் கையெழுத்தாகாதது அதைக் கெடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. நீங்களே ‘பத்திரம் எழுதும் வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை’ என்று செய்தியில் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

6. பேச்சையும் குரல் பதிவையும் எழுத்தாக்குங்கள்

பேரம் பெரும்பாலும் போன் அழைப்பில்தான் முடிகிறது. அழைப்பு முடிந்த பத்து நிமிடத்துக்குள் “இப்போது பேசியபடி” என்று தொடங்கி நான்காம் படியில் உள்ளபடி எழுதி அனுப்பி, ஐந்தாம் படியில் உள்ளபடி ஏற்பு வாங்குங்கள். பேசியது மறக்கும் முன் அனுப்பினால் யாரும் மறுப்பதில்லை.

வேலை தொடங்குவதற்கு முன் இந்தச் செய்தி வர வேண்டிய தொழில்கள் உண்டு. பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் அப்படிப்பட்டது. பெயர் நெய்த பாயை வேறு யாருக்கு விற்பது? பெயர்களின் எழுத்து, பாயின் நீள அகலம், விலை, தரும் நாள் எல்லாம் ஏற்கப்பட்ட பிறகே தறியில் ஏற்றுங்கள்.

7. முன்பணத்தை ஒப்பந்தத்தோடு கட்டுங்கள்

முன்பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வாங்குங்கள். குறிப்புப் பகுதியில் ‘ஏத்தன் 6000 கிலோ முன்பணம்’ என்று எழுதச் சொல்லுங்கள். முன்மொழிவில் கேட்டதை ஒருவர் செய்வதே ஏற்பு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்புச் செய்தி தெளிவில்லாமல் இருந்தாலும் வங்கிப் பதிவு அதைத் தாங்கிப்பிடிக்கும். குறிப்பில்லாமல் வரும் 50,000 ரூபாய் பழைய பாக்கிக்கு என்றோ கைமாற்று என்றோ ஆகிவிடும். ரொக்கமாக வாங்கினால் அன்றே ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற செய்தி போகட்டும்.

8. மாற்றம் வந்தால் புதிய செய்தி

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடம் வரை செய்தியைத் திருத்தலாம். ஒருபோதும் திருத்தாதீர்கள். தவறாக எழுதியிருந்தால் ‘மேலே உள்ளதில் தேதி தவறு, ஆகஸ்ட் 18 என்பதே சரி’ என்று புதிதாக எழுதி மீண்டும் ஏற்பு வாங்குங்கள். திருத்திய செய்தி ஏமாற்றுவேலையாகத் தோற்றமளிக்கும். நேர்மையானவரும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

9. சரக்கு இறங்கியதும் குறையை உடனே எழுதுங்கள்

வாங்கியவர் குறை இருந்தால் அன்றே படத்தோடு எழுத வேண்டும். எடைச் சீட்டும், லாரி எண் தெரியும் படமும் சேரட்டும். அவர் எழுதாவிட்டால், விற்றவருக்கு அந்த மௌனமே பிறகு சாட்சி. கல்லிடைக்குறிச்சி அப்பளம் போன்றவற்றைத் தயாரிக்கும், உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாக இருந்தால் இன்னொரு பிடி உண்டு. சரக்கு கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கிடைத்த நாளிலேயே ஏற்றதாக 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கொள்கிறது. எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும்.

10. சான்றைக் காப்பாற்றுங்கள்

இந்தப் படியில் நல்ல வழக்குகள் தோற்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கலர் பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறார்கள். போனை மாற்றியாயிற்று, பழைய போனை விற்றாயிற்று.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கொடுக்கும்போது சான்றிதழ் சேர்க்க வேண்டும். அதில் இரண்டு பகுதிகள். ஒன்றை நீங்கள் கையெழுத்திடுவீர்கள், மற்றதை நிபுணர் கையெழுத்திடுவார். கோப்பின் ஹேஷ் எண்ணும் அதில் வரும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால் அதைக் கேட்கிறார்கள். சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின் கீழ் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூலக் கருவியையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆகவே போனை விற்காதீர்கள், ‘ரீசெட்’ செய்யாதீர்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து, படங்களோடு வேறு இடத்தில் வையுங்கள். உங்களுக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும்.

11. பணம் வராவிட்டால்

கோபச் செய்திகள் வேண்டாம். ‘இன்ன தேதி ஒப்பந்தப்படி இவ்வளவு பாக்கி, இந்த நாளுக்குள் தாருங்கள்’ என்று ஒரே செய்தி. அதன் பின் வழக்கறிஞர் அறிவிப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பை அவர் திறந்து பார்த்ததற்கு நீலக் குறிகளைச் சான்றாக ஏற்று 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஆனாலும் பதிவுத் தபாலை விடாதீர்கள்.

சரக்கை எடுக்காமல் பின்வாங்கினார் என்றால், பேசிய விலைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசமே பொதுவாக இழப்பீடு. இழப்பைக் குறைக்க நீங்கள் முயன்றிருக்க வேண்டும். வாழை அழுகும் வரை காத்திருந்துவிட்டு முழு விலையைக் கேட்க முடியாது. வேறு ஆளுக்கு விற்று, அந்த நாளின் விலைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ உள்ள வணிகத் தகராறு என்றால், அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். பாக்கிக்கு வழக்குத் தொடரும் காலம் 3 ஆண்டு. ‘அடுத்த மாதம் தருகிறேன் அண்ணாச்சி’ என்ற செய்திகளை நம்பி அதைக் கடக்க விடாதீர்கள். கடனை ஒப்புக்கொள்ளும் எழுத்து காலத்தை நீட்டிக்க வேண்டுமானால் அதில் கையெழுத்து இருக்க வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கேட்கிறது. இந்த ஓர் இடத்தில் செய்தியை நம்பாதீர்கள். மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது பாக்கித் தொகையைத் தாளில் எழுதி, நேரில் போய்க் கையெழுத்தும் தேதியும் வாங்கி வாருங்கள்.